பச்சை மையில் நாற்பத்தொரு வாரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழை அதன் முதல் இதழிலிருந்து விடாமல் வாங்கிவரும் வாசகன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் பழுதில்லாமல் இருக்க மனமார விரும்புகிறேன். பச்சை மையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஐம்பது வருடப் பழக்கம், இனிமேல் மாற்றினால் கையெழுத்தே வராது. அதோடு, இந்தக் கதையில் அந்த மைக்கும் பங்கு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற இதழின் பதினெட்டாம் பக்கத்தில், குடை ஆல்பம் வெளிவந்து ஐம்பது வருடம் ஆனதை ஒட்டி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அந்த ராக் ஆல்பத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அட்டைப்படத்தில் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் நனைந்த குடை. அதனால் எல்லோருக்கும் அது குடை ஆல்பம்தான். கட்டுரையில் உள்ள எண்களை என் பழைய நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். விற்பனையில் முதல் நாற்பது இடங்களின் பட்டியலில் அது இருபத்தேழில் நுழைந்தது சரி. ஐந்தாவது வாரம் பதினொன்றுக்கு ஏறியது சரி. முதல் பத்துக்குள் காலே வைக்காமல் இறங்கியதும் சரி. பதினேழாவது வாரம் முப்பத்தெட்டுக்கு வந்து, இதோ போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தபோது போகாமல், முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று கடைசி மூன்று படியிலேயே மேலும் நாற்பத்தொரு வாரம் உட்கார்ந்திருந்ததும் சரி. அதற்குத் தங்கள் விமர்சகர் சொல்லும் காரணம்தான் தப்பு. "விளம்பரத்துக்கு மயங்காத எளிய ரசிகர்களின் அமைதியான பிடிவாதம்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு டீ புரையேறிவிட்டது. அது ரசிகர்களின் பிடிவாதம் இல்லை ஐயா. ஒரே ஒரு ஆளின் பிடிவாதம். அந்த ஆள் நான்தான்.

ஐம்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இப்போது ஏன் திறக்கிறான் என்று தாங்கள் கேட்கலாம். என் மகள் அந்தப் பதினெட்டாம் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுடைய நாற்பத்தெட்டாவது திருமண நாள். அன்றைக்கு அதைக் கூடத்தில், சரியாக என் நாற்காலிக்கு மேலே மாட்டப் போகிறார்கள். ஆணி அடித்தாகிவிட்டது. "அப்பா, நீங்களும் அம்மாவும் சேர்ந்ததே இந்த ஆல்பத்தாலதானே, இது சுவர்ல இல்லாம வேற எது இருக்கும்?" என்கிறாள். என் மனைவியும் அந்த ஆணியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறாள். நான் செய்த பொய்க்குச் சட்டம் போட்டு மாட்டி, அதன் அடியிலேயே உட்கார்ந்து, என்னை நம்பி வந்தவள் கையால் கேக் வாங்கித் தின்ன என்னால் முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமை வரும் இதழில் ஒரு சிறிய திருத்தம் போட்டுவிடுங்கள். திருத்தம் வந்த கட்டுரையை யாரும் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள். அந்த ஆணியில் நான் நாள்காட்டியை மாட்டிக்கொள்வேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ஒரு இசைத்தட்டுக் கடையில் கவுண்டரில் நின்றேன். எங்களைப் போல அறுபது கடைகள் வாரா வாரம் ஒரு படிவம் அனுப்பும். அதை வைத்துத்தான் தங்கள் இதழின் பட்டியல் தயாராகும். படிவம் ரோஸ் நிறத்தில், துண்டு அகலத்துக்கு இருக்கும். இடதுபக்கம் ஆல்பங்களின் பெயர் அச்சடித்திருக்கும், வலதுபக்கம் காலிக் கட்டம். ஒரு தட்டு விற்றால் ஒரு கோடு. நாலு கோடு போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடை முத்திரை குத்தி, தபால் பெட்டி எண் பதினேழு என்ற விலாசத்துக்கு அனுப்புவேன். அதை யார் பிரிக்கிறார்கள், யார் கூட்டுகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் வரும், கண்ணாடிக் கதவில் ஒட்டுவேன்.

அந்தக் கதவுக்கு வெளியே நின்றுதான் அவள் பட்டியலைப் படிப்பாள். ஏதோ கணக்கெடுப்பு ஆபீஸில் வேலை. எந்த வீட்டில் என்ன சோப்பு, எந்த வீட்டில் என்ன பல்பொடி என்று ஊரெல்லாம் கேட்டு வந்த எண்களை அட்டையில் ஓட்டைகளாகப் போட்டு, கூட்டிச் சொல்லும் இயந்திரத்துக்குக் கொடுக்கிற வேலை என்று பின்னால் சொன்னாள். ஐந்தரை மணிக்கு ஆபீஸ் விட்டதும் வருவாள். முதலில் பட்டியலைப் பார்ப்பாள், குடை இருக்கிறதா என்று. அப்புறம் உள்ளே வந்து, "இரண்டாவது பக்கம், கேக்கலாமா?" என்பாள். எங்கள் கடையில் பாட்டுக் கேட்க ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. ஒரு ஆள் உட்காரலாம், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது பக்கத்தில் மூன்றாவது பாட்டு, நடுவில் ஏழு நிமிடம் கிடார் மட்டும் தனியாகப் போகும். அந்த ஏழு நிமிடமும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே ஒரு சத்தமும் வராது. நான் கவுண்டரில் நின்று, கேட்காத பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். வாங்கவே மாட்டாள், வீட்டில் பிளேயர் கிடையாது. எங்கள் முதலாளி அவளுக்குக் 'காற்று வாங்கும் அம்மா' என்று பெயர் வைத்திருந்தார்.

குடை முப்பத்தெட்டுக்கு இறங்கிய வெள்ளிக்கிழமை, அவள் கூண்டிலிருந்து வெளியே வந்து ஹெட்போனைக் கவுண்டரில் வைத்தாள். என் வாழ்க்கையின் தலையெழுத்து மாறிய உரையாடல் அது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

"அடுத்த வாரம் பட்டியல்ல இருக்காது போலிருக்கே."

"இருக்கலாம், சொல்ல முடியாது."

"பட்டியல்ல இல்லாத தட்டை உங்க முதலாளி திங்கட்கிழமையே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவாராமே?"

"ஆமா, அது அவர் கொள்கை."

"அப்போ நான் வந்து என்ன செய்ய? இருக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை வருவேன். போயிடுச்சுன்னா வர மாட்டேன். வரட்டுமா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கடையே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

மறுநாள் படிவத்தை எடுத்து வைத்தேன். அந்த வாரம் குடை உண்மையில் விற்றது ஒன்றே ஒன்று. பென்சிலில் ஒரு கோடு போட்டிருந்தேன். பக்கத்தில் இன்னும் பதினொன்று போட்டேன். ஆனால் ஆசிரியர் அவர்களே, நான் அடிப்படையில் யோக்கியன். எது நிஜம், எது பொய் என்று எனக்கே மறந்துபோய்விடக் கூடாதல்லவா? அதனால் பொய்க்கோடுகளை மட்டும் என் சொந்தப் பேனாவால், பச்சை மையில் போட்டேன். நிஜம் பென்சில், பொய் பச்சை. அந்த ஒழுங்கை நாற்பத்தொரு வாரமும் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. குடை முப்பத்தொன்பதில்! ஒட்டிய அவசரத்தில் காகிதம் கோணலாக ஒட்டிக்கொண்டது. அவள் தலையைச் சாய்த்துப் படித்துவிட்டு உள்ளே வந்தாள்.

ஒரு பொய் சொன்னால் சும்மா விடுமா தம்பி? (தங்கள் புகைப்படத்தைத் தலையங்கத்தில் பார்த்திருக்கிறேன், என் மகளைவிடச் சின்னவர்தான், தம்பி என்றால் தப்பில்லை.) ஐந்தாவது வாரமே தட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் ஓடிவந்துவிட்டார். இந்தப் பகுதியில் குடை நன்றாகப் போகிறது என்று அவருக்கு எங்கிருந்தோ காற்றுவாக்கில் சேதி. "சரக்கு இல்லாம எப்படி விக்கறீங்க? சாமர்த்தியசாலி சார் நீங்க!" என்று என் கையைக் குலுக்கிவிட்டு ஐம்பது தட்டு இறக்கிவிட்டுப் போனார். முதலாளி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாருக்குய்யா?" என்றார். "போயிடும் சார், போயிடும்" என்றேன். எங்கே போகும்? பெட்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டு, உட்காரும் ஆசனம் ஆக்கினேன். அவள் அதன்மேலே உட்கார்ந்துகொண்டு, "பரவாயில்லையே, புதுசா சீட்டெல்லாம் போட்டிருக்கீங்க" என்றாள். ஐம்பது குடைமேல் உட்கார்ந்து ஒரு குடையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சமாவது நிஜமாக விற்றால் பாவம் குறையுமே என்று, எதிர்ச் சாரியில் இருந்த பல் டாக்டரைப் பிடித்தேன். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் போட்டால் மனம் அமைதியாக இருக்கும் என்று சொல்லி ஒன்றைத் தலையில் கட்டினேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "ஏன்யா, அந்த ஏழு நிமிஷக் கிடார் அச்சு அசல் என் மிஷின் சத்தம் மாதிரியே இருக்கு. உள்ளே நான் வாயில கை வைக்கறதுக்கு முன்னாடியே வெளியே நாலு பேர் எழுந்து போயிட்டாங்க. எனக்குத் தொழில் நடக்க வேண்டாமா?" திருப்பி வந்த தட்டை விற்ற கணக்கில் வைக்கக் கூடாது என்பது விதி. போட்டிருந்த ஒரே ஒரு பென்சில் கோட்டையும் ரப்பரால் அழித்தேன். அந்த வாரம் முழுக்க முழுக்கப் பச்சை. நானே நாலு தட்டு வாங்கி உறவுக்காரர்களுக்குக் கொடுத்தேன். என் சித்தப்பா அதன் நடுவில் முள் பொருத்திக் கடிகாரம் செய்துவிட்டார். இன்றைக்கும் ஓடுகிறது, பத்து நிமிடம் தாமதமாக.

பத்தாவது வாரமோ என்னவோ, தபால் பெட்டி எண் பதினேழிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. தட்டச்சு செய்த ஒரே வரி: "படிவத்தின் அடியில் உள்ள விதியைப் படிக்கவும்." அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அடியில் கடுகு எழுத்தில் ஏழெட்டு வரி இருந்தது. பொய்க் கணக்குக்கு என்ன தண்டனை என்று போட்டிருப்பார்கள், அதைப் படித்து நான் ஏன் இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டும்? படிக்கவே இல்லை. அன்றிலிருந்து படிவத்தின் அடிப்பாகத்தை மடித்து வைத்துக்கொண்டுதான் கோடு போடுவேன்.

இதில் இன்னொரு வினை என்னவென்றால், எனக்கு அந்த வருடத்து மாதமோ தேதியோ ஒன்றும் ஞாபகம் இல்லை; குடை இருந்த இடம்தான் ஞாபகம். அவள் முதன்முதலாக என் பெயரைக் கேட்டது முப்பத்தொன்பதில். என் சட்டைப் பையில் பேனா ஒழுகிப் பச்சைக் கறை பட்டதைப் பார்த்து, "இந்த மையைத்தான் எப்பவும் வச்சிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாளே, அது நாற்பதில். அவளோடு முதல்முதல் டீ குடித்தது மறுபடி முப்பத்தெட்டில். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "குடல்வால் ஆபரேஷன் எப்போ செஞ்சீங்க?" என்று கேட்டபோது, "முப்பத்தொன்பதில்" என்று சொல்லிவிட்டேன். வயதையா சொல்கிறேன், வருடத்தையா என்று அந்தப் பெண் குழம்பிப்போய் என் மனைவியைப் பார்த்தது. அவள், "எழுதிக்குங்கம்மா, கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி" என்றாள்.

நாற்பத்தொன்றாவது வாரம் எனக்கு அலுத்துவிட்டது தம்பி. பொய் சொல்லி அலுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பது அலுத்துவிட்டது. கூண்டிலிருந்து வெளியே வந்தவளிடம், "வெள்ளிக்கிழமை மட்டும் இல்லாம எல்லா நாளும் வர முடியுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் கீழே பார்த்தேன். கவுண்டர் மரத்தில் ஒரு கீறல் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடை விழுந்துட்டா?" என்றாள்.

"விழட்டும்."

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் படிவத்தில் ஒரு பச்சைக்கோடுகூடப் போடவில்லை. பென்சிலில் ஒன்று, அதோடு சரி. அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியலில் குடையைக் காணோம். நாற்பத்தொரு வாரம் அசையாமல் இருந்தது, நான் கையை எடுத்த மறுவாரமே விழுந்தது! இதைவிட என்ன சாட்சி வேண்டும் தங்கள் விமர்சகருக்கு? முதலாளி திங்கட்கிழமை கூண்டைத் திறந்து துணியை எடுத்தபோது என்ன சொன்னார் என்பதைத் தங்கள் இதழில் அச்சிட முடியாது.

நேரில் மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நேரில் சொல்கிற தைரியம் இருந்தால் நான் ஏன் அன்றைக்குக் கோடு போடுகிறேன்? அவளுக்கு என்மேல் நம்பிக்கை ஜாஸ்தி. "இவர் பொய் சொன்னா காது சிவந்துடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். அந்த நாற்பத்தொரு வாரமும் பொய் என்று தெரிந்தால், ஒரு நிமிடம் என்னைப் பார்ப்பாளே, அந்த ஒரு நிமிடத்தை நினைத்துத்தான் பயம். இவன் வேறு என்னென்ன கோடு போட்டானோ என்று ஒருமுறை தோன்றிவிட்டால், அப்புறம் நான் எதைச் சொன்னாலும் என் காதைத்தான் பார்ப்பாள். எழுபத்து நாலு வயதில் அதை என்னால் தாங்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் அடியில் உட்காரவும் முடியாது. அச்சில் வந்தால் அவள் படித்துக்கொள்வாள். நான் அந்த நேரம் பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகவே, குடை ஆல்பத்தின் ஐம்பத்தெட்டு வாரத்தில் நாற்பத்தொன்றைக் கழித்து, பதினேழு என்று திருத்தம் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆல்பத்தில் பாடி வாசித்த நான்கு கலைஞர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு என் வருத்தத்தைத் தெரிவிக்கவும். தங்கள் விமர்சகருக்கு என் அன்பு. அவர் மொழி நன்றாக இருக்கிறது, காரணம்தான் இல்லை. தாங்கள் நோய்நொடி இல்லாமல், எழுத்துப் பிழை இல்லாமல், வாசகர் குறையாமல் பல்லாண்டு இதழ் நடத்த மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகனும் ஒரே குற்றவாளியுமான,
பழைய கவுண்டர்க்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் பசையைத் தேடுகிறேன், வைத்த இடத்தில் காணோம். மனைவி கண் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

பி.கு. இரண்டு: தம்பிக்கு, அந்த மனைவி எழுதுவது. பசை என்கிட்டேதான் இருக்கு. மேஜைமேல உறை திறந்து கிடந்தது, இவர் பசை வாங்கக் கடைக்குப் போயிருக்கார். முழுசும் படிச்சுட்டேன். நான் வேலை பார்த்த ஆபீஸ்ல சோப்பு, பல்பொடியோட இன்னொண்ணும் எண்ணினோம். தபால் பெட்டி எண் பதினேழு எங்க ஆபீஸோடதுதான். வெளியே சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அப்புறம் சொல்ல நாக்கு வரலை. இவர் மடிச்சு வச்ச அடிப்பாகத்துல ரெண்டாவது விதி இதுதான்: பென்சில் கோடு மட்டும்தான் கணக்கு, மையில போட்ட கோடு எதுவும் சேராது. அதைப் படிங்கன்னு அந்த ஒரு வரியைத் தட்டச்சு செஞ்சு அனுப்பினதே நான்தான். மனுஷன் படிக்கலை. அதனால இவர் போட்ட பச்சைக்கோடு ஒண்ணுகூட, ஒரு வாரம்கூட, எந்தப் பட்டியல்லயும் சேர்ந்தது கிடையாது.

முதல் திங்கட்கிழமை அந்தக் கடை முத்திரையையும் அந்தப் பதினோரு கோட்டையும் பார்த்தேன். அறுபது படிவத்துல ஒரே ஒரு வரியில மட்டும் பச்சை. யாருக்குப் போட்டதுன்னு புரியாதா எனக்கு? நிஜக் கணக்குப்படி குடை அந்த வாரம் நாற்பத்து மூணு. நான்தான் நிபந்தனை போட்டவள், இனிமே எந்த முகத்தோட அந்தக் கடைக்குப் போறது? அட்டையில குடைக்கான அந்த ஒரு ஓட்டை கட்டம் மாறி விழுந்து, குடை முப்பத்தொன்பதுக்கு ஏறிடுச்சு. முதல் வாரம் கை தவறினதுன்னு சொல்லிக்கலாம். மிச்சம் நாற்பது வாரமும் நானே தெரிஞ்சு போட்டேன். இவர் "விழட்டும்"னு சொன்னதும் நானும் நிறுத்திட்டேன். உங்க விமர்சகர் எழுதின மத்ததெல்லாம் தப்பா இருக்கலாம், ஆனா பிடிவாதம்னு எழுதினாரே, அது சரி.

திருத்தம் எதுவும் போட்டுடாதீங்க. தன் பொண்டாட்டிக்காகப் பெரிய திருட்டு ஒண்ணு செஞ்சவர்னு இவர் உள்ளுக்குள்ள நாற்பத்தெட்டு வருஷமா ஒரு நடை நடக்கறார், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. "கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு அட்டை மட்டும் போடுங்க, போதும். ஞாயிற்றுக்கிழமை சட்டம் மாட்டினதும் நானே சொல்லிடலாமான்னு பார்க்கறேன். ஆனா நேர்ல சொல்ற தைரியம் எனக்கு இருந்தா, நான் ஏன் அன்னைக்கு ஓட்டை போட்டேன்? வாசல்ல செருப்புச் சத்தம் கேக்குது, ஒட்டிடறேன். மேலே இவர் எழுதினதெல்லாம் மை, கணக்குல சேராது. நான் எழுதினது பென்சில்.